வரையாடு சொன்ன பாடம்

மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் பள்ளியில் கல்விச் சுற்றுலா. எட்டாவது படிக்கும் என் மகளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. ஸ்வெட்டரும், மலைப்பாதை வாந்திக்கு எலுமிச்சம்பழமும் கொடுத்து அரை மனசோடுதான் அனுப்பினேன்.

திரும்பியதும் ஒரே வரையாட்டுப் புராணம்! "1978லேயே தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்களாம்மா. ஆடுங்க குட்டி போடற சமயம், பிப்ரவரி மார்ச் வாக்கிலே, அதுங்களுக்குத் தொந்தரவு கூடாதுன்னு யாரையும் உள்ளே விடாம பூங்காவையே மூடிடுவாங்களாம்!"

அந்த நேரம் பார்த்து, நிறைமாத கர்ப்பிணியான என் இளைய ஓரகத்தி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். எனக்குச் சுருக்கென்றது. குடத்தை வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் படும்மா" என்றேன்.

சகோதரிகளே, பிள்ளைகளை நாலு இடத்துக்கு அனுப்புங்கள். நமக்கும் சேர்த்துப் படித்து வருவார்கள்!