உதைத்துக் கிளப்பிய காலம்

அலிபிரி சோதனைச் சாவடியைத் தாண்டி திருமலைக்கு ஏறும் மோட்டார் சைக்கிள்களில் தமிழ்நாட்டுப் பதிவெண்களுக்குக் குறைவிருக்காது. வேலூர்க்காரர்கள் சித்தூர் வழியாக வருகிறார்கள், சென்னைக்காரர்கள் புத்தூர் வழியாக. தரிசனம் முடிந்து கிளம்பும்போது ஒரு வண்டி மக்கர் செய்வதும் புதிதல்ல. முன்பெல்லாம் அது பெரிய விஷயமே இல்லை. நாலு உதை, கிளம்பவில்லையா, வண்டியை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்தி, சோக்கை இழுத்து இன்னும் இரண்டு உதை. அதற்கும் மசியாவிட்டால் ப்ளக்கைக் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டியதுதான். இன்றைக்கு உதைக்கலாம் என்று காலைத் தூக்கினால், பல வண்டிகளில் கிக்கரே இல்லை.

இந்த மாற்றம் 2020 ஏப்ரல் 1-ல் நடந்தது. அன்றுதான் நாடு முழுவதும் பி.எஸ்.6 புகை விதி அமலுக்கு வந்தது. புகையைக் குறைக்க, ஏறத்தாழ எல்லாப் புது வண்டிகளிலும் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷனை வைத்தார்கள். காற்று எவ்வளவு வருகிறது, இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சென்சார்கள் தகவல் சொல்ல, கையகலக் கம்ப்யூட்டர் ஒன்று முடிவெடுக்கிறது. புகை குறைந்தது. குளிர்ந்த காலையில் சோக்கைத் தேட வேண்டியதில்லை. ஆனால் பெட்ரோல் பம்ப்பில் தொடங்கி செல்ஃப் மோட்டார் வரை எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். பல பழைய வண்டிகளில் பேட்டரி செத்தால் ஹாரன் ஊமையாகும், அவ்வளவுதான். புது வண்டியில் பேட்டரி படுத்தால் வண்டியும் படுத்துவிடுகிறது. பேட்டரி அடியோடு காலியாகிவிட்டால், தள்ளி ஸ்டார்ட் செய்யும் வித்தைகூடப் பெரும்பாலும் பலிப்பதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பேட்டரிக்குப் பேர்போன மண்ணே இதுதான். அமெரிக்காவில் இன்ஜினியராக இருந்து சொந்த மாவட்டமான சித்தூருக்குத் திரும்பிய கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-ல் தொடங்கிய அமர ராஜா நிறுவனம், திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியிலும் பின்னர் சித்தூர் அருகிலும் பேட்டரிகளைத் தயாரிக்கிறது. அதன் 'அமரான்' 2000-ல் சந்தைக்கு வந்தது. வண்டியும் இங்கே பிறக்கிறது. சத்தியவேடு பக்கம் ஹீரோ மோட்டோகார்ப் தொழிற்சாலைக்கு 2018-ல் அடிக்கல் நாட்டினார்கள். அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த அந்த ஊர், 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்த பிறகு திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.

பேட்டரி பிறக்கும் ஊரின் வெயில்தான் பேட்டரிக்கு எமன். மே மாதத்தில் ரேணிகுண்டா பக்கம் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். 25 டிகிரிக்கு மேல் சராசரி வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது இந்தத் துறையின் பழைய கணக்கு. வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைத்தாலும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி சோர்ந்து போகும்.

ஆகவே, கிளம்பாத வண்டியைப் பார்த்ததும் ஸ்பேனரைத் தேடுவதற்கு முன்னால் கண்ணையும் காதையும் பயன்படுத்துவது நல்லது. சிவப்பு நிற 'கில்' சுவிட்ச் ஆஃப் நிலையில் இருக்கிறதா? சைடு ஸ்டாண்டை மடக்கியாயிற்றா? பல புது வண்டிகள் கியரில் இருக்கும்போது ஸ்டாண்டு இறங்கியிருந்தால் கிளம்பாது. சிலவற்றில் கிளட்சையும் பிடிக்க வேண்டும். டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. மெக்கானிக்கிடம் போன பிறகு தெரிந்தால்தான் வெட்கம்.

அடுத்து சாவியைத் திருப்ப வேண்டும். ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் ஃப்யூஸ், பேட்டரி முனைகள், பேட்டரி என்ற வரிசையில் பார்க்கலாம். ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்ற வேண்டும். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால், அடுத்து எரிவது ஒயரிங். விளக்கு எரிகிறது, செல்ஃபை அழுத்தினால் 'டிக் டிக்' மட்டும்தான் என்றால், பேட்டரியில் விளக்குக்குப் போதுமான தெம்பு இருக்கிறது, மோட்டாரைச் சுற்றும் தெம்பு இல்லை. மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் காலி. செல்ஃபை அழுத்தும்போது 10 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.

மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின்தான் உயிர் பெறவில்லை என்றால் குறை பெட்ரோலில், தீப்பொறியில் அல்லது காற்றில். சாவியைத் திருப்பியதும் டாங்க் பக்கம் இரண்டு மூன்று விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பெட்ரோல் பம்ப். சத்தமே இல்லையென்றால் பம்ப்புக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது பம்ப் போய்விட்டது. பம்ப் ஓடுகிறது என்றால் ப்ளக்கைப் பார்க்கலாம். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே எட்டவில்லை. ரொம்ப நாள் நிறுத்திய வண்டியாக இருந்தால் டாங்கையும் சந்தேகிக்கலாம். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். மழை நீர் புகுந்த டாங்கில் அது தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான்.

இன்ஜினை எழுப்ப முடியாத சிலர், இறக்கம்தானே என்று மலைச்சாலையில் வண்டியை உருட்டிக்கொண்டே வரத் துணிகிறார்கள். இது தற்கொலைக்குச் சமம். கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜினின் பிடிமானம் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பினால், அது சூடேறிக் கைவிட்டுவிடும். நேரமும் ஒரு பிரச்சினை. நடைபாதையில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி இறந்த பிறகு, 2023 ஆகஸ்டில் மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை மலைச்சாலைகளில் இருசக்கர வாகனங்களுக்குத் தேவஸ்தானம் தடை விதித்தது. அப்படி ஒரு நாளில் மாலை 5 மணிக்கு மக்கர் செய்யும் வண்டி, சொந்தக்காரரை மலையிலேயே தங்க வைத்துவிடும்.

இதுவரை சொன்னதை எல்லாம் தெருமுனை மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவார். அவர் கை கட்டப்படுவது அதற்கு அடுத்த கட்டத்தில். மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால், எந்தச் சென்சாரில் கோளாறு என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதை முழுசாகப் படிக்க ஸ்கேனர் வேண்டும், குறியீடுகளின் பொருள் தெரிய வேண்டும். ஸ்கேனரைக் கடன் வாங்கியாவது வாங்கிவிடலாம். பழுது பார்க்கும் கையேடும் ஒயரிங் வரைபடமும் கம்பெனி சர்வீஸ் சென்டரோடு நின்றுவிட்டால் அவர் என்ன செய்வார்? காதால் கேட்டே கோளாறைச் சொல்லும் கில்லாடி, பஞ்சர் ஒட்டவும் ஆயில் மாற்றவும் மட்டும் என்று ஆகிவிடுவார். வண்டிக்காரரும் சின்னக் குறைக்குக்கூட நகரத்துக்கு வண்டியை ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும்.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைக்கு இது தெரியாததல்ல. பழுது பார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. கையேடு, உதிரி பாகம், கட்டண விவரம் ஆகியவற்றைக் கம்பெனிகள் ஒரே இடத்தில் தர வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் சரி. ஆனால் சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டிருப்பவருக்கு அது பயன்பட வேண்டுமானால், விவரம் அவருக்குப் புரிகிற மொழியில், தெலுங்கிலும் தமிழிலும், வர வேண்டும். பயிற்சியும் கூடவே வர வேண்டும். புகை குறைந்தது ஊருக்கே லாபம். அந்த லாபத்துக்கான செலவை மெக்கானிக் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?