மலைவழிப் பயணமும் ஆற்றுப்படை மரபும்

பயணம் மனிதனைப் பண்படுத்தும் கல்வி. பூமியில் சுற்றிவந்து முன்னோரின் நிலையைக் கண்டு சிந்திக்குமாறு திருமறை பலவிடங்களில் மனிதனை அழைக்கின்றது. 1325-இல் தாஞ்சியர் நகரை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நடந்த 1340-களில் அம்மாநகருக்கும் வந்தார். அங்கே மக்களை வாட்டிய கொள்ளைநோயையும் தம் பயண நூலில் பதிவு செய்தார். கண்ட காட்சியோடு நில்லாமல், அங்கு வாழும் மக்களின் துயரையும் கண்டு சொன்னமையாலன்றோ அவருடைய பயணம் வரலாறாயிற்று!

இன்றைய மாணவர்களுக்கும் பயண வேட்கை மிகுதியாக உண்டு. நார்வே நாட்டின் மலைச்சாலைகளைச் செல்பேசித் திரையில் கண்டு வியக்கின்றனர். பனியாறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாக மலைகளை அரித்து ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை உண்டாக்க, பின்னர்க் கடல்நீர் உட்புகுந்து அவற்றை நிரப்பியது. அவ்வாறு தோன்றிய நீண்ட கடற்கால்களையே ஃபியோர்டு என்கின்றனர். அவற்றின் கரையோரமாகவும் பனிமலைகளின் ஊடாகவும் செல்லும் 18 சாலைகளைத் தேர்ந்தெடுத்து, நார்வே அரசு காட்சிச் சாலைகளாகப் பேணி வருகின்றது. அவற்றைக் காண விரும்பும் ஆசை குற்றமன்று. வாய்ப்புடையோர் சென்று வரட்டும். ஆயினும் தேனி மாவட்டத்துக் கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கும் எம்மனோர் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலாவுக்குத் தொலைவூர்களைத் தேடும் நாம், நம் பள்ளத்தாக்கை ஒருமுறையேனும் முறையாகத் திட்டமிட்டுக் கண்டதுண்டா? உள்ளூர் மாடு விலைபோகாது என்னும் பழமொழி மலைகளுக்கும் பொருந்திவிட்டதோ?

நம் வாயிலில் உள்ள காட்சி

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். இடையே முல்லைப் பெரியாறு பாயும் பசுமை. இதுவே கம்பம் பள்ளத்தாக்கு. நார்வேயின் கெய்ராங்கர், நேரோய் ஃபியோர்டுகளை யுனெஸ்கோ நிறுவனம் 2005-இல் உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. அதே சிறப்பினை மேற்குத் தொடர்ச்சி மலை 2012-இல் பெற்றது. நம் எல்லையை ஒட்டிய பெரியாறு புலிகள் காப்பகமும் அப்பட்டியலில் அடங்கும். நார்வேயின் புகழ்பெற்ற ட்ரோல்ஸ்டீகன் மலைச்சாலையில் 11 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையிலோ 17. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் 18. மேகமலைச் சாலையின் வளைவுகளுக்கு மலர்களின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளமை தமிழ் மாணவர்க்கு இன்பம் பயப்பதாகும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 மலர்களை வகுப்பறையில் மனனம் செய்யும் மாணவன், இச்சாலையில் ஒருமுறை ஏறினால் அப்பாடம் அவன் நெஞ்சில் நிலைக்குமன்றோ?

நாம் செல்லத்தக்க வழி எது? தேனியிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் சாலையில் முதற்கண் சின்னமனூர். இங்குக் கிடைத்த பாண்டியர் பெரிய செப்பேடு, மதுரைச் சங்கத்தையும் மகாபாரதம் தமிழாக்கப்பட்டமையையும் குறிப்பிடுவது. பின்னர் உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எனப் பயிர்நிலங்களும் திராட்சைத் தோட்டங்களும் இருமருங்கும் தொடர்கின்றன. கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கப்பால் லோயர் கேம்ப். அங்கே பென்னிகுயிக் மணிமண்டபம் 2013 முதல் நிற்கின்றது. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்த ஆற்றை அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பணி 1887-இல் தொடங்கி 1895-இல் நிறைவுற்றது. நோயாலும் விபத்தாலும் அங்கு மடிந்த பெயர் அறியாத் தொழிலாளர் பலர். ஃபியோர்டுகளை இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளில் செதுக்கியது. நம் பள்ளத்தாக்கின் பசுமையை மனிதர் எட்டே ஆண்டுகளில் தம் உயிரைக் கொடுத்துத் தேடித் தந்தனர். இதனை உணராது குமுளி மலையேறுவோன் கண்ணிருந்தும் காணாதவனே.

வடகிழக்கே ஆண்டிபட்டிப் பகுதியில் புலிமான்கோம்பை உள்ளது. 2006-இல் அங்குத் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டறியப்பட்டன. தென்மேற்கே மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் உள்ளது. சித்திரை முழுநிலா நாளில் மட்டுமே மக்கள் அங்குச் செல்ல இசைவு வழங்கப்படுகின்றது. சிலப்பதிகாரம் பயிலும் மாணவர்க்கு இதனினும் சிறந்த பாடநூல் வேறு எது?

மலைபடுகடாம் கற்பிக்கும் பாடம்

இனி, எவ்வாறு திட்டமிடுவது என்பதே தலையாய வினா. இதற்கு நம் முன்னோர் வழிகாட்டியுள்ளனர். ஆற்றுப்படை இலக்கியத்தைப் புரவலனைப் புகழும் பாட்டு என்ற அளவிலேயே நாம் பெரும்பாலும் கற்பிக்கின்றோம். அது சிறந்த பயணத் திட்டமுமாகும். பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு மலையின் அழகை மட்டும் கூறி அமையவில்லை. வழியிலுள்ள இடர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றது. விளைபுனத்தை அழிக்கும் பன்றிகளுக்காகப் பாதையோரம் வைக்கப்பட்ட கற்பொறிகள் உள; ஆதலின் இரவில் தங்கி, பொழுது புலர்ந்தபின் செல்க என்கின்றது. பாம்புகள் ஒடுங்கிய குழிகளையும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கற்களையும், வழுக்கும் பாறைகளையும் சுட்டிக் காட்டுகின்றது. எவ்வூரில் எத்தகைய மக்கள் உள்ளனர், அவர்கள் எவ்வாறு விருந்தோம்புவர் என்பதையும் தெரிவிக்கின்றது. இடரும் பருவமும் வழியில் வாழும் மக்களும் என்னும் இம்மூன்றையும் அறிந்து செல்வதே பயணம் என்பது அந்நூல் நமக்கு உணர்த்தும் உண்மை.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கி வந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் இளைஞர்கள். கோடையில் உலர்ந்த புல்வெளி ஒரு பொறியில் பற்றி எரியும் என்பதை மலைவாழ் மக்கள் அறிவர். தொலைவிலிருந்து வருவோர் அறியார். மறக்கவொண்ணாத அத்துயருக்குப் பின்னரே தமிழக அரசு மலையேற்றத்திற்குத் தனி விதிகளை வகுத்தது. 2024-இல் 40 மலையேற்ற வழிகளை வரையறுத்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு செல்லும் முறையையும் தொடங்கியது. இன்றைய வழிகாட்டி அன்றைய ஆற்றுப்படைப் புலவனின் இடத்தில் நிற்பவர் எனில் மிகையன்று.

மேகமலைச் சாலையில் இருட்டியபின் வனத்துறையினர் வாகனங்களை விடுவதில்லை. சிலர் இதனைத் தடையென்று குறைகூறுகின்றனர். விடியும்வரை தங்கிச் செல்க என்ற சங்கப் புலவனின் அறிவுரையே இன்று சோதனைச்சாவடியில் விதியாக நிற்கின்றது. அப்பகுதி 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. இரவில் அவ்வழி விலங்குகளுக்கு உரியது. 2023 மே மாதத்தில் அரிக்கொம்பன் என்னும் யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்ததை நாம் கண்டோம். காட்டுக்கும் நமக்கும் உள்ள தொலைவு நாம் எண்ணுவதைவிடக் குறைவு. செல்வம் மிக்க நார்வேயும் தன் புகழ்பெற்ற ட்ரோல்ஸ்டீகன் சாலையை, பாறைகள் சரிவதை அஞ்சி 2024 கோடையிலேயே மூடிவிட்டது. அழகிய சாலை எங்கிருப்பினும் அதற்குரிய அச்சமும் உண்டு. அதனை மதிப்பதே அறிவுடைமை.

சாலையில் செல்லும் மற்றையோர்

பிறிதொன்றும் நம் கருத்திற்குரியது. கண்ணுக்கு விருந்தாக நாம் கருதும் கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சாலைகள், ஆயிரக்கணக்கானோர்க்கு அன்றாடம் சோறு தேடும் வழிகள். வைகறையில் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர்; மாலையில் களைத்துத் திரும்புகின்றனர். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியமையால் நேர்ந்த விபத்துகளும் உண்டு. நம் மாணவர் பலருடைய கல்விக் கட்டணம் அந்த ஏலக்காட்டு உழைப்பிலிருந்தே வருகின்றது. வளைவில் நின்று படமெடுக்கும் மாணவன், எதிரே வரும் ஜீப்பில் தன் அன்னையைப் போன்றோர் அமர்ந்திருப்பதை உணர்வானாயின், அப்பயணம் பயனுடையதாகும்.

ஒரு வேண்டுகோள்

சுற்றுலா வீண்செலவு எனச் சமுதாயப் பெரியோர் கருதுவதில் ஓரளவு நியாயம் உண்டு. பெருந்தொகை தரவியலாத ஏழை மாணவர் பின்தங்கி விடுகின்றனர். தொலைவூருக்கு இரவுப் பயணமாக அனுப்பப் பெற்றோர் தயங்குவதால் மாணவியர் பலர் பெயர்கொடுக்காமலே நின்றுவிடுகின்றனர். நம் பள்ளத்தாக்குப் பயணம் இவ்விரு குறைகளையும் நீக்கும். காலையில் புறப்பட்டு மாலை மக்ரிபுக்குள் இல்லம் திரும்பலாம். ஒரு பேருந்து வாடகையும் கட்டுச்சோறும் போதும். பேராசிரியைகள் உடன் செல்லட்டும். நிர்வாகத்தினரும் முன்னாள் மாணவரும் ஒரு சிறு நிதியை இதற்கென ஒதுக்குவார்களாயின், பணமின்மையால் ஒரு மாணவரும் விடுபடார்.

பயணத்திற்கு ஒரு திங்கள் முன்னரே மாணவர் குழு அமைத்து, ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதச் செய்யலாம். அவ்வூரின் கல்வெட்டு, பயிர், தொழில், வழியிலுள்ள இடர், பெறவேண்டிய அனுமதி ஆகியவை அதில் இடம்பெறட்டும். அக்குறிப்புகளைத் தொகுத்தால் அதுவே கம்பம் பள்ளத்தாக்கு ஆற்றுப்படை! அதனை ஆண்டுதோறும் திருத்தி, அடுத்த ஆண்டு மாணவர்க்குக் கையளிப்பது தமிழ்த்துறையின் கடமையாகுக.

உமறுப்புலவர் அரபு நாட்டைச் சீறாப்புராணத்தில் பாடும்போது, தாம் அறிந்த தமிழ்நிலத்தின் மலையையும் ஆற்றையும் வயலையும் கொண்டே அந்நாட்டை நம் கண்முன் நிறுத்தினார். தம் மண்ணை நன்கறிந்த கண்ணே தொலைநிலத்தையும் காணவல்லது. முல்லையாற்றை அறிந்த மாணவன் நாளை ஃபியோர்டின் கரையில் நிற்க நேரினும், அந்நீரின் வரலாற்றையும் அக்கரையில் வாழும் மக்களின் நலத்தையும் வினவுவான். அத்தகைய மாணவரை உருவாக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!