தேக்காவில் காரை எங்கே விடுவது?

போன வாரம் காலை நிகழ்ச்சியில் ஒரு பாட்டுக்கும் போக்குவரத்துச் செய்திக்கும் நடுவே ஒரு நேயர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "தங்கச்சி, தீபாவளிச் சாமான் வாங்கக் குடும்பத்தோட தேக்கா போகணும். காரை எங்க விடுறதுன்னு மொதல்ல சொல்லு. பாட்டு அப்புறம் போட்டுக்கலாம்." சிரித்துச் சமாளித்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டேன். நேரலையில் நாற்பது விநாடியில் சொல்லி முடிக்கிற விஷயமா அது? இங்கே கொஞ்சம் இடம் இருக்கிறது. அண்ணே, உங்களுக்கான பதில் இதோ.

உண்மையைச் சொன்னால், கார் வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். 2003இல் வடகிழக்கு ரயில் பாதை திறந்ததிலிருந்து லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி வந்தால் பஃபலோ ரோட்டுக் காய்கறி வாசம் மூக்கைத் தொட்டுவிடும். 2015 டிசம்பரில் டௌன்டவுன் பாதையும் அங்கே வந்து சேர்ந்தது. முஸ்தஃபாவுக்கு மட்டும் போகிறவர்கள் ஃபேரர் பார்க்கில் இறங்கலாம். கேம்பல் லேன் பக்கம் வேலை என்றால் ரோச்சோரும் தூரமில்லை. ஆனால் எனக்கும் தெரியும்: பத்துக் கிலோ இட்லி அரிசி, ஒரு கட்டு வாழை இலை, நாலு தேங்காய், இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. இத்தனையும் சேர்த்துக்கொண்டு ரயில் ஏறச் சொன்னால், என்னை வானொலியிலேயே திட்டுவீர்கள்.

சரி, காரில்தான் என்று முடிவாகிவிட்டது. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பகுதியில் சிராங்கூன் ரோடு ஒருவழிப் பாதை. தேக்கா நிலையம் இடப்பக்கம் வரும். பேச்சுச் சுவாரசியத்தில் திருப்பத்தைக் கோட்டைவிட்டால், வீரமாகாளியம்மனுக்குக் காரிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு கிச்சனர் ரோடு வரை போய் வலப்பக்கம் திரும்பி, ஜாலான் புசார் வழியாக இறங்கி வர வேண்டியதுதான். அதுவும் ஒருவழி. தீபாவளி நேரத்துச் சனிக்கிழமை மாலையில் அந்த ஒரு சுற்றுக்குள் நான் ஒரு முழு வடையையும் தின்று முடித்திருக்கிறேன். பொறுமையாகத்தான் தின்றேன்.

அதனால் கிழமையும் நேரமும்தான் உங்களுடைய உண்மையான நிறுத்துமிடம். வார நாள் காலை ஒன்பது மணிக்குள் வந்தால் இடம் கிடைக்கும், காய்கறியும் வாடியிருக்காது. திங்கள் வேண்டாம், மீன் கடைகள் பலவும் அன்று மூடியிருக்கும். ஞாயிறு மாலை, வாரம் முழுதும் உழைத்த வெளிநாட்டு ஊழியத் தம்பிகள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசும் நேரம். நாம் ஆறு நாள் வரலாம், அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள். அன்று காரோடு போய் நெரிசல் என்று புலம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

தேக்கா நிலையத்துக் கார்நிறுத்துமிடத்தில் வரிசை நீண்டிருந்தால் அதிலேயே நின்றுகொண்டிருக்காதீர்கள். சாண்டர் ரோடு, ரோவல் ரோடு பக்கம் வீவக புளோக்குகள் இருக்கின்றன. முஸ்தஃபா பக்கம் வேலை என்றால் எதிரே சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதியில் விட்டுவிட்டு நடக்கலாம். வீவக இடங்களில் வெள்ளைக் கோடு போட்ட கட்டங்கள்தான் நமக்கு. சிவப்புக் கோடு, மாதக் கட்டணம் கட்டி அங்கேயே குடியிருப்பவர்களுக்கு. காலியாக இருக்கிறதே என்று அதில் விட்டுவிட்டு அப்புறம் வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, மத்திய வட்டாரத்துக்கு வெளியே அரை மணிக்கு 60 காசு. மத்திய வட்டாரம் என்று வரையறுத்த இடங்களில் வார நாள் பகலிலும் சனிக்கிழமைப் பகலிலும் 1 வெள்ளி 20 காசு. தேக்கா அந்த எல்லையோரத்தில் இருக்கிறது. அதனால் நுழைகிற இடத்தில் பலகையைப் படியுங்கள். வீவக இடங்கள் பலவற்றில் ஞாயிறும் பொது விடுமுறையும் காலை 7 முதல் இரவு 10.30 வரை இலவசம். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. அதற்கும் பலகைதான் சாட்சி.

மஞ்சள் கோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒற்றை நேர்க்கோடு என்றால் ஞாயிறு, பொது விடுமுறை தவிர மற்ற நாள்களில் காலை 7 முதல் இரவு 7 வரை நிறுத்தக் கூடாது. இரட்டை நேர்க்கோடு என்றால் எந்த நேரமும் கூடாது, ஆளை ஏற்றி இறக்கிக்கொண்டு உடனே நகரலாம். நெளிந்து போகிற இரட்டைக் கோடு என்றால் அந்த ஏற்றி இறக்குகிற வேலைக்கும் நிற்கக் கூடாது. "ரெண்டு நிமிஷம்தான்" என்று விளக்கைச் சிமிட்டவிட்டு மல்லிகைப்பூ வாங்க ஓடுகிறவர்களுக்கு அந்தப் பூ தங்க விலையில் முடியும்.

என் அப்பா இந்தக் கணக்கு எதற்குள்ளும் வரவில்லை. அவர் இருந்தவரை காரைத் தேக்காவுக்குப் பக்கத்தில் விட்டதே கிடையாது. ஜாலான் புசாரைத் தாண்டி ஒரு புளோக் அடியில் விட்டுவிட்டு, பத்து நிமிடம் நடத்திக் கூட்டிப் போவார். "கை தாங்குற அளவுதான் வாங்கணும்" என்பது அவருடைய சட்டம். அம்மா ஒரு பூசணியைத் தூக்கிப் பார்த்தாலே அவர் தோளைத் தடவிக்கொள்வார். எனக்கு அந்தப் பயணத்தில் பிடித்தது கூப்பன். மாதம், நாள், மணி, நிமிடம் என்று சின்ன வட்டங்களைக் கிழிக்கிற வேலை என்னுடையது. ஒரு முறை மணியைத் தப்பாகக் கிழித்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கூப்பனை எடுத்துக் கொடுத்தார். கிழித்த வட்டங்கள் அந்தக் காரை விற்கிற வரைக்கும் இருக்கைக்கு அடியில் கிடந்தன.

2017 அக்டோபரில் பார்க்கிங்.எஸ்ஜி செயலி வந்த பிறகு கைப்பேசியிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. நேரம் போதவில்லை என்றால் கடையில் நின்றபடியே நீட்டிக்கலாம். சீக்கிரம் கிளம்பினால் மிச்சக் காசு திரும்பி வரும். இது தெரியாமல் நான் வெகுநாள் அரை மணி, அரை மணியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். நேரம் முடியப்போகிறது என்று கைப்பேசி அதிரும், நான் அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுப்பேன். அம்மா அப்போதுதான் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டு, கடைக்காரரின் மகளுக்கு எந்தத் தொடக்கக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று கேட்டுக்கொண்டிருப்பார். 60 காசுக்காக அந்தப் பேச்சைப் பாதியில் அறுத்தவள் நான். இப்போது இறங்கும்போதே இரண்டு மணி நேரம் போட்டுவிடுகிறேன்.

போன தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அப்போதே முட்டி வலி. அவரைத் தேக்கா நிலையத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, "அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேம்மா, இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு இடம் தேடக் கிளம்பினேன். முதல் சுற்று. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில்தான் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். அம்மாவின் கைப்பை அங்கே இருந்தது. அதற்குள் அவருடைய கைப்பேசி.

கடைசியில் காரை எங்கோ விட்டுவிட்டு ஓடி வந்தபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. இறக்கிவிட்ட இடத்தில் அம்மா இல்லை. காய்கறிக் கடைகள், மீன் வரிசை, ஆட்டுக்கறி வரிசை, மாடியில் துணிக்கடைகளும் தையல்காரர்களும் இருக்கிற தளம், எங்கும் இல்லை. காலையில் ஊருக்கே போக்குவரத்து நிலவரம் சொல்கிற எனக்கு, பெற்ற தாய் எந்தச் சந்தில் நிற்கிறார் என்று தெரியவில்லை. சாலையைக் கடந்து கேம்பல் லேன் பக்கம் வந்தபோது, ஒரு பூக்கடை ஓரமாக நீல நிற முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் தேத்தண்ணி. பூக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் மகளா? வயசானவங்கள இப்படியா நிக்க வப்பீங்க?" அம்மா உடனே குறுக்கிட்டார். "அவ என்ன தம்பி பண்ணுவா, எடம் கெடைக்கல."

அன்று இரவு அம்மாவின் முட்டி வீங்கிவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம் அடுத்த வாரங்களில் நடந்தது. அம்மா தேக்கா பேச்சையே எடுக்கவில்லை. "அரிசி, பருப்பெல்லாம் ஃபோன்லயே வீட்டுக்கு வருதே, நீ ஏன் அலையிற" என்றார். என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்று தன் வாரத்திலிருந்து ஒரு நாளையே எடுத்துப்போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்த பைகளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காய் வாங்கினால் கேட்காமலே கையில் திணிக்கிற கறிவேப்பிலைக் கொத்துதான் இல்லை. தேக்காவுக்குப் போய்வந்தால் அம்மா இரண்டு நாள் பேசுவார்: யாருக்குக் கல்யாணம், யார் வீடு மாறினார்கள், எந்தக் கடையில் பிரண்டை வந்திருக்கிறது. ஐந்து மாதம் வீட்டில் அந்தப் பேச்சு இல்லாததை நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

இந்த ஆண்டு அறுவை சிகிச்சை முடிந்து, அம்மா மெல்ல நடக்கத் தொடங்கியதும் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை நிகழ்ச்சி முடிந்த கையோடு அவரைக் கூட்டிப் போனேன். மடக்குகிற சக்கர நாற்காலியும் காரின் பின்பக்கம் இருந்தது. உடற்குறையுள்ளவர்களை ஏற்றிச் செல்பவர்களுக்கு இரண்டாம் பிரிவுக் கார் அட்டை இருக்கிறது, மருத்துவர் சான்றோடு விண்ணப்பிக்கலாம். அதை வைத்திருந்தால் அகலமான அந்தச் சிறப்புக் கட்டத்தில் ஒரு மணி நேரம் வரை நிறுத்தலாம். இதை அம்மாவிடம் சொன்னபோது, "நமக்கு எதுக்கு அது? நெசமா வேணுங்கிறவங்க வருவாங்க" என்று முடித்துவிட்டார். இன்னும் அந்த விவாதம் ஓயவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நீங்களும் பேசிப் பாருங்கள், உங்கள் வீட்டு அம்மா எங்கள் அம்மாவைவிட இளகிய மனசுக்காரராக இருக்கலாம்.

சக்கர நாற்காலியோடு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய கடைவீடுகளின் ஐந்தடிப் பாதை ஒவ்வொரு கடைக்கும் ஓர் உயரம். இந்தக் கடையில் ஒரு படி ஏற வேண்டும், அடுத்த கடையில் இறங்க வேண்டும். நடுவில் வெங்காய மூட்டை, வாழைத்தார், பூத்தட்டு. தேக்கா நிலையத்தின் ஈரச்சந்தைத் தரை மட்டமாக இருக்கும், ஆனால் ஈரம். கார் வராத கேம்பல் லேன்தான் சுலபம். அங்கே 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையமும் இருக்கிறது, கொஞ்சம் குளிரில் உட்கார்ந்து எழுந்திருக்கலாம்.

கடைகளை எந்த வரிசையில் போவது என்பதில் நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: கனமானது கடைசியில். முதலில் நகைக்கடை, துணி, தையல் வேலை. பிறகு பூ, வாழை இலை, மாவிலை. மீனும் கறியும் அதற்குப் பிறகு. அரிசி மூட்டையை வாங்கி வைத்துவிட்டு, காரை எடுத்து வந்து, ஏற்றி இறக்க அனுமதி உள்ள இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். சில மளிகைக் கடைகள் வீட்டுக்கே அனுப்பிவைப்பார்கள், வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை தெரியும். இந்த வட்டாரத்துக்கு மலாயில் கண்டாங் கெர்பாவ் என்று பெயர், எருமைக் கொட்டடி என்று பொருள். மாட்டு வியாபாரம் நடந்த ஊர் இது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு எல்லாம் அந்த மாடுகளின் நினைவு. பழைய சந்தை இருந்தது சிராங்கூன் ரோட்டின் எதிர்ப்பக்கம், இன்று தேக்கா பிளேஸ் நிற்கிற இடத்தில். 1982இல்தான் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. ஒரு காலத்தில் மந்தை மந்தையாக எருமைகளைக் கட்டிவைக்க இடம் இருந்த ஊரில், என் சின்ன காருக்கு இடம் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கார் சாண்டர் ரோட்டில் நின்றது. அம்மா பாதித் தூரம் நடந்தார், மீதித் தூரம் முனகிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். காய்கறிக் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டார். "என்னக்கா, ஊருக்குப் போயிட்டீங்களா? ஆளையே காணோம்!" முட்டி, மருத்துவமனை, மகள், மகளின் கார் எல்லாம் அங்கே விலாவாரியாகச் சொல்லப்பட்டது. கைப்பேசி அதிரவில்லை. நான் பக்கத்தில் நின்று சுண்டைக்காய் பொறுக்கினேன். கறிவேப்பிலை இரண்டு கொத்து கிடைத்தது.

அண்ணே, அடுத்த செவ்வாய் காலை பூ வாங்க நாங்களும் வருவோம். கேம்பல் லேன் பக்கம் அந்த நீல முக்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்து பூக்கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தால், கொஞ்சம் பொறுத்து விலை கேளுங்கள்.