உழைத்த உடல் முதலில் தளர்வது ஏன்? கரிசல் முதியோரும் நலிவு குறித்த ஆய்வுகளும்

கோவில்பட்டி வட்டாரத்தின் எந்தக் காலனிக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சி கண்ணில் படும். வேப்பமர நிழலில் அமர்ந்திருக்கும் அறுபதைத் தொட்ட பெண் எழுவதற்கு இரு கைகளையும் தரையில் ஊன்றுகிறார். ஒருமுறை முயன்று, மூச்சு வாங்கி, மறுமுறை எழுகிறார். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும் வலு கைக்கு இல்லை. சென்ற வாரம் வந்துபோன உறவினர் யார் என்பது நினைவில் நிற்பதில்லை. கேட்டால், "வயசாயிருச்சுல்ல" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். குடும்பமும் அதையே சொல்கிறது. மருத்துவரிடம் போனாலும் பெரும்பாலும் அதே பதில்தான் கிடைக்கிறது.

அந்தப் பதிலை இனி ஏற்க வேண்டியதில்லை என்பதே கடந்த முப்பது ஆண்டுகளின் முதுமை ஆய்வுகள் நமக்குக் கற்பிக்கும் பாடம். உடல் எப்போது, எவ்வளவு வேகமாகத் தளரும் என்பதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. உண்ட உணவு, செய்த வேலை, கிடைத்த ஓய்வு, பெற்ற கல்வி ஆகியவை சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இவை நான்கையும் நம் சமூகத்தில் பங்கிட்டு வந்தது சாதி. எனவே முதியோரின் நலிவு தலித் அரசியலின் கேள்வியுமாகும்.

நலிவு என்பது என்ன?

2001 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லிண்டா பிரீடும் அவருடைய குழுவினரும் நலிவை ஐந்து அடையாளங்களால் வரையறுத்தனர். தானாக எடை குறைதல், தொடர்ந்த களைப்பு, கைப்பிடி வலிமை குன்றுதல், நடை மெதுவாதல், உடல் இயக்கம் குறைதல் ஆகியன அவை. இவற்றில் மூன்று இருந்தால் அவர் நலிவுற்றவர். ஒன்றோ இரண்டோ இருந்தால் நலிவின் வாசலில் நிற்பவர். நலிவுற்றவருக்குச் சிறு காய்ச்சலும் பெரிய வீழ்ச்சியாகிறது. ஒருமுறை வழுக்கி விழுந்தால் மீண்டும் நடமாட முடியாமலே போகக்கூடும்.

இந்த நலிவின் மையத்தில் இருப்பது தசை. முதுமையில் தசை கரைவதற்கு 1980களின் இறுதியில் இர்வின் ரோசன்பர்க் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். 2015 இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு, இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி வலிமையை அளந்தது. வலிமை 5 கிலோ குறையும்போதெல்லாம் இறப்பு அபாயம் 16 விழுக்காடு உயர்வதை அது கண்டறிந்தது. எதிர்கால இறப்பை முன்னறிவதில், இரத்த அழுத்த அளவைவிடக் கைப்பிடி வலிமையே கூடுதலாகப் பயன்பட்டது.

தசையின் தளர்ச்சியும் மூளையின் தளர்ச்சியும் தனித்தனிப் பாதையில் செல்வதில்லை. உணவிலிருந்து வரும் சர்க்கரையைப் பெருமளவில் எடுத்துப் பயன்படுத்துவது தசையே. அது கரையும்போது நீரிழிவுக்கான வாய்ப்பு கூடுகிறது, நீரிழிவு மூளையின் இரத்தநாளங்களைப் பாதிக்கிறது. உடல் நலிவும் லேசான நினைவுக் குறைவும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும் நிலையை 'அறிதிறன் நலிவு' என 2013 இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று வரையறுத்தது. மெதுவான நடையும் மறதி குறித்த முறையீடும் ஒருங்கே உள்ளவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் அபாயம் கூடுதல் என்பதை மருத்துவர் ஜோ வெர்கீசின் ஆய்வுகள் காட்டின. இவ்வகை ஆய்வு கேரளத்தின் கோழிக்கோட்டிலும் நடந்துள்ளது. இதைக் கண்டறிய ஸ்கேன் கருவி வேண்டியதில்லை. அளந்து குறித்த சில மீட்டர் தூரமும், ஒரு கடிகாரமும், காதுகொடுத்துக் கேட்கும் ஒருவரும் போதும்.

'உழைத்த உடம்பு உரமானது' என்னும் பொதுப்புத்தி

இங்கே ஒரு மறுப்பு எழும். வாழ்நாள் முழுதும் காட்டில் உழைத்தவருக்குத் தசை எப்படிக் கரையும்? உட்கார்ந்தே இருக்கும் நகரத்தாருக்கல்லவா இந்தச் சிக்கல்? கூலி உழைப்பை உடற்பயிற்சியாகக் காணும் இந்தப் பார்வை படித்தவர்களிடமும் பரவலாக உள்ளது.

ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. டென்மார்க் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மனும் பிறரும் இதை 'உடலுழைப்பு முரண்' என்று அழைக்கின்றனர். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சி ஆயுளைக் கூட்டுகிறது. பிழைப்புக்காகச் செய்யும் கடும் உடலுழைப்பு அதே பயனைத் தருவதில்லை. 2018 இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, கடும் உடலுழைப்புத் தொழில் செய்த ஆண்களிடம் முன்கூட்டிய இறப்பு அபாயம் 18 விழுக்காடு கூடுதலாக இருப்பதாகக் கண்டது. பெண்களிடம் அந்த உயர்வு தெரியவில்லை. ஆனால் அத்தொகுப்பில் இருந்தவை பெரும்பாலும் வசதிபடைத்த நாடுகளின் ஆய்வுகள். பகலெல்லாம் களையெடுத்துவிட்டு, மாலையில் விறகு சுமந்து, இரவில் அடுப்படியில் நிற்கும் கரிசல் பெண்ணை அவை கண்டதில்லை.

காரணம் எளியது. பயிற்சி தசையை வளர்க்க மூன்று நிபந்தனைகள் உண்டு: சிறிது சிறிதாகக் கூடும் சுமை, இடையில் ஓய்வு, பின்னர் புரதம். கரிசல் கூலிக்கு இம்மூன்றும் வாய்ப்பதில்லை. குனிந்தபடி பருத்தி எடுப்பதும், உளுந்து பிடுங்குவதும், விளாத்திகுளம் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவதும் மூட்டையும் முதுகையும் தேய்க்கின்றன. தீப்பெட்டி ஆபீசில் நாள் முழுதும் அமர்ந்து குச்சி அடுக்கும் பெண்ணின் விரல்கள் ஓயாமல் இயங்குகின்றன. தொடையும் இடுப்பும் இயக்கமின்றிக் கிடக்கின்றன. மழை பொய்த்த ஆண்டில் வேலையும் இல்லை, உணவும் குறைவு. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பவர்களையே மேல்கீழாகப் பிரிக்கும் ஏற்பாடு என்று 1936 லேயே அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அந்தப் பிரிவினை முதுமையில் மூட்டிலும் தசையிலும் பதிவாகிறது.

தட்டில் விழும் கணக்கு

கோவில்பட்டியைச் சுற்றிய மானாவாரி நிலம் உளுந்தும் பாசிப்பயறும் விளையும் பூமி. ஆனால் பயறு பிடுங்கும் கைக்குக் கிடைக்கும் பருப்பு எவ்வளவு?

வயதுவந்தவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரை. முதியோருக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கின்றன பன்னாட்டு வல்லுநர் குழுக்கள். அதன்படி 45 கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு நாளொன்றுக்கு 45 முதல் 54 கிராம் தேவை. ரேஷன் கடையில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் உள்ள புரதம் ஏறத்தாழ 220 கிராம். நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் பங்கிட்டால் ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு கிராம்கூட வராது. மீதியைச் சோறே ஈடுசெய்ய வேண்டும். வீட்டில் முட்டையோ மீனோ வாங்கினால் முதலில் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் போகிறது. கடைசியாக உண்பவர் பாட்டிதான்.

முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1000 ரூபாயிலிருந்து 1200 ஆக உயர்ந்தது. நாளொன்றுக்கு 40 ரூபாய். இதில் 80 வயதுக்குட்பட்டோருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் வெறும் 200 ரூபாய். 2007 முதல் அந்தத் தொகை அசையவில்லை.

மறதியும் மறுக்கப்பட்ட எழுத்தும்

இந்தியாவில் 60 வயது கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023 இல் ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும், கல்வி குறைந்தோரிடமும் பாதிப்பு அதிகம். தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடிய 14 காரணிகளை 2024 ஆம் ஆண்டின் லான்செட் ஆணையம் பட்டியலிட்டது. உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு டிமென்ஷியாவுக்கு அவையே காரணம். அப்பட்டியலில் இளமையில் கல்வியின்மை, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், காது கேளாமை, பார்வை இழப்பு, தனிமை ஆகியவை உள்ளன.

இன்று அறுபதைக் கடந்த பெண் 1971 ஆம் ஆண்டில் சிறுமியாகவோ இளம்பெண்ணாகவோ இருந்தவர். அவ்வாண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி, நாடு முழுவதும் பட்டியல் சாதிப் பெண்களில் எழுத்தறிவு பெற்றிருந்தோர் 6.44 விழுக்காட்டினர் மட்டுமே. கரிசல் பகுதியில் பள்ளி செல்லவேண்டிய சிறார் தீப்பெட்டி ஆலைகளுக்குச் சென்றனர். சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில்தான் விரிவான தீர்ப்பளித்தது. அதற்குள் ஒரு தலைமுறையின் பள்ளிப் பருவம் முடிந்துவிட்டது. எழுத்து மறுக்கப்பட்டதன் விலையை அந்தத் தலைமுறை முதுமையில் இரண்டாம் முறையாகச் செலுத்துகிறது.

அளவுகோலிலும் அநீதி உண்டு. பெரிதும் பயன்படும் நினைவுச் சோதனைகள் ஒரு வாக்கியம் எழுதவும், படித்துச் செய்யவும், உருவம் வரையவும் கேட்கின்றன. பள்ளிக்கே போகாதவர் இதில் தோற்றால் அது நோயின் அடையாளம் ஆகாது. இதை உணர்ந்தே அரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியாதோருக்கான சோதனை 1990களில் உருவாக்கப்பட்டது. சென்னையும் வேலூரும் பங்கேற்ற 10/66 ஆய்வுக் குழுவும் கல்வியின் சாய்வு படியாத முறைகளை வகுத்தது. வளரும் நாடுகளில் டிமென்ஷியா நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வாழ்ந்தும், அவர்களைப் பற்றிய ஆய்வு 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதே அக்குழுவின் பெயருக்குப் பொருள்.

அறுபது என்னும் எல்லை யாருக்கு?

ஒன்பது மாநிலத் தரவுகளை ஆராய்ந்து 2022 இல் வெளியான ஆய்வு ஒன்று, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் சராசரி ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் குறைவு, ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் குறைவு என்று காட்டியது. பொருளாதார வேறுபாட்டால் மட்டும் இந்த இடைவெளியை விளக்க முடியவில்லை. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஆயினும் அனைவருக்கும் 60 இல் முதுமை தொடங்குவதாகக் கொள்வது எவ்வளவு தவறு என்பதை அது உணர்த்துகிறது.

2017–18 இல் 72,000க்கும் மேற்பட்டோரைச் சந்தித்த லாசி எனும் தேசிய முதுமை ஆய்வு 45 வயதிலிருந்தே தொடங்குகிறது. கைப்பிடி வலிமை, நடை வேகம், நினைவாற்றல் மூன்றையும் அது அளக்கிறது. ஆராய்ச்சிக்கு 45 இல் தொடங்கும் முதுமை அரசுக்கு மட்டும் 60 இல் தொடங்குகிறது. மேலும் லாசி மாநில அளவில்தான் பேசும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டங்களின் சேரிகளும் காலனிகளும் அதில் தனித்துத் தெரியா.

நலிவுற்று எழ முடியாத முதியவர் வறிய வீட்டில் என்னவாகிறார் என்பதும் நாம் அறியாததன்று. 2010 இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்த தலைக்கூத்தல் வழக்கத்தை எந்தச் சாதியோடும் முடிச்சிட வேண்டியதில்லை. பராமரிப்பின் முழுச் சுமையையும் கூலிக்குப் போகும் குடும்பத்தின் தலையில் அரசு விட்டுவிடும்போது எதுவெல்லாம் நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

திறந்திருக்கும் மூன்று கதவுகள்

நலிவைப் பின்வாங்கச் செய்ய முடியும். 1990 இல் மரியா பியாட்டரோன் என்ற மருத்துவர் முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால் தசைக்கான எடைப் பயிற்சி அளித்தார். முடித்தவர்களின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. சிறிய ஆய்வுதான், ஆனால் தொண்ணூறிலும் தசை வளரும் என்பதை அது நிறுவியது.

தமிழ்நாட்டில் இதற்கான கதவுகள் புதிதாகக் கட்டப்பட வேண்டியதில்லை. முதலாவது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். அதில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் ஒரு கைப்பிடிமானியையும், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழும் சோதனையையும் தந்தால் போதும். ஆசிய வல்லுநர் குழு 2019 இல் வகுத்தபடி, அதற்கு 12 நொடியோ கூடுதலோ ஆனால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். விவசாயக் கூலிகளுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் இச்சோதனை 45 வயதிலேயே தொடங்க வேண்டும்.

இரண்டாவது, சத்துணவு மையம். முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் சத்துணவு என்பது 1983 இலேயே எடுக்கப்பட்ட முடிவு. அதை உயிர்ப்பித்து முட்டையும் பயறும் சேர்க்கக் கோர வேண்டும். அதே வேளை, 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டிப் பள்ளியில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ணாமல் போனதையும், அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் சென்று உடன் அமர்ந்து உண்டதையும் மறக்கலாகாது. மையம் எந்தத் தெருவில் அமைகிறது, யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார் என்பவை உணவின் அளவைப் போலவே முக்கியமானவை.

மூன்றாவது, 70 வயது கடந்தோரின் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுசெல்ல 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டம். அந்த வண்டியில் முதியோருக்கென ஒரு கிலோ கூடுதல் பருப்பு ஏறுவதற்குத் தடையொன்றும் இல்லை.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் தெருவில் கேளுங்கள், அளந்து பாருங்கள். யார் எழச் சிரமப்படுகிறார், யாருக்குக் காது மந்தம், யாருக்குக் கண்ணில் புரை, யாருக்கு ஓய்வூதியம் வரவில்லை என்பதைப் பெயரும் அந்தரங்கமும் வெளிப்படாத வகையில் தொகுத்து, கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். அரசின் கணக்கில் இல்லாதவர்களை நம் கணக்கில் கொண்டுவருவது முதல் வேலை.

தரையில் கை ஊன்றி எழும் அந்தப் பெண் அறுபது ஆண்டுகள் இந்தக் கரிசலுக்கு உழைத்தவர். "வயசாயிருச்சுல்ல" என்று அவர் சொல்லலாம். அதையே அரசு தன் பதிலாக்கிக்கொள்ள நாம் விடக்கூடாது.