எண்ணுவதா, எடை போடுவதா?

எண்ணூர் அனல் மின்சார நிலையத்தின் 660 மெகாவாட் விஸ்தரிப்பைக் குறித்து, 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் எர்ணாவூரில் பகிரங்கக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்ததை நேயர்கள் அறிவார்கள். ஆட்சேபக் குரல்கள் அங்கே பலமாகவே எழுந்தன. அத்திட்டம் வேண்டுமா, வேண்டாமா என்பதை இன்று நாம் பேசப் போவதில்லை. இத்தகைய கூட்டங்களில் ஜனங்கள் சொல்லும் வார்த்தை எவ்விதம் வரிசைப்படுத்தப்படுகிறது, எவ்விதம் மதிக்கப்படுகிறது என்பதையே ஆராயப் புகுகிறோம்.

2006-ஆம் வருஷத்திய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, முப்பது நாள் முன்னறிவிப்புடன், ஜில்லா கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க, கூட்டம் நடைபெற வேண்டும். வந்திருப்போர் ஒவ்வொருவருக்கும் பேசச் சந்தர்ப்பம் உண்டு. குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்தாக வேண்டுமென்ற நிபந்தனை கிடையாது. வோட்டு எடுப்பதும் கிடையாது. இதை நமது ஊழியர்களே பல சமயம் மறந்து விடுகிறார்கள். ஆதரவாளர் நூறு பேரை லாரியில் கொண்டு வந்தால், எதிர்ப்பாளர் இருநூறு பேரைத் திரட்டுவது என்று இரு தரப்பும் போட்டியிடுகின்றன. கோஷம் வானைப் பிளக்கிறது. ஆனால் டில்லியில் உட்கார்ந்து ஏட்டைப் புரட்டும் நிபுணர் கமிட்டியின் முன் கோஷம் போய்ச் சேருவதில்லை. காரணங்கள் மட்டுமே சேரும், அவையும் ஏட்டில் ஏறியிருந்தால்தான்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் யார் முதலில் பேசுகிறார்கள்? கட்சிப் பிரமுகர்கள். ஒலிபெருக்கி அவர்கள் கையில் இருக்கும்வரை மண்டபம் நிறைந்திருக்கிறது; பத்திரிகை நிருபர்களும் இருக்கிறார்கள். முதலில் வந்த பேச்சுக்குக் கைதட்டல் கிடைக்கிறது; கைதட்டல் பெற்ற பேச்சையே பின்வருவோரும் திருப்பிச் சொல்கிறார்கள். கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடிக்கும் மீனவரும், மீன் கூடை சுமக்கும் தாய்மாரும் எழுந்து நிற்கும்போது பகல் சாய்ந்து விடுகிறது, நாற்காலிகள் காலியாகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் எவ்வளவு தூரம் படர்ந்தது, அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா நெடி எப்படி நெஞ்சை அடைத்தது என்று நேரில் சொல்லத்தக்கவர்கள் அவர்களே. பேசும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி நிர்ணயித்தால் இந்த அநீதி பாதி தீரும். பிரமுகர்களுக்குச் சற்று மனஸ்தாபம் ஏற்படலாம், பாதகமில்லை.

எண்ணிக்கை ஒன்றையே நம்புவதன் ஆபத்துக்கு 2015-ஆம் வருஷம் டிசம்பரில் ஒரு திருஷ்டாந்தம் கிடைத்தது. இணையச் சேவைக்கு வெவ்வேறு கட்டணம் விதிக்கலாமா என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் பொது ஜன அபிப்பிராயம் கேட்டது. பேஸ்புக் கம்பெனியார் தமது 'ப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு ஆதரவாக, முன்கூட்டியே எழுதி வைத்த ஒரே வாசகத்தை லட்சக்கணக்கானோர் பெயரில் அனுப்புவித்தார்கள். ஆணையம் கேட்ட கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி ஆணையம் அக்கட்டண பேதத்தைத் தடை செய்தது. லட்சம் தலைகளை எண்ணியிருந்தால் தீர்ப்பு வேறாகியிருக்கும்.

ஆயினும், ஒரே வாசகம் என்பதனாலேயே அதைக் குப்பையில் எறிவதும் தகாது. ஒரு குப்பத்தார் முந்நூறு பேர் ஒரே மனுவில் கைந்நாட்டு வைப்பது, தனித்தனியே எழுத அவர்களுக்கு வசதியில்லாமையால். ஆகவே, ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதைச் சொன்னவர் எத்தனை பேர் என்பதைப் பக்கத்தில் குறிப்பதே நேர்மை. முந்நூறு பேர் சொன்னது ஓர் ஆட்சேபம். ஒரே கிழவர் சொன்ன முகத்துவார மண்மேடும் ஓர் ஆட்சேபம். இரண்டாவது, முதலாவதன் கீழ் அமுங்கிப் போகலாகாது. எதற்குக் கனம் அதிகம் என்று யார் தீர்மானிப்பது எனக் கேட்கலாம். அதிகாரி தனியே தீர்மானித்தால், பழைய நோய் புது உருவில் வரும். எதை ஏற்றோம், எதைத் தள்ளினோம், ஏன் தள்ளினோம் என்று ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே தமிழில் எழுதி வெளியிட்டால், அந்த நிறையைப் பொது ஜனங்களே சரிபார்த்துக் கொள்வார்கள். 'பொதுமக்கள் சுற்றுச்சூழலைப் பற்றிக் கவலை தெரிவித்தனர்' என்று ஒரே வாக்கியத்தில் ஒரு நாள் முழுவதையும் அடக்கி விடும் சாமர்த்தியம் அப்போது செல்லாது.

இதற்குப் புதுச் சட்டம் வரட்டுமென்று காத்திருக்க வேண்டுவதில்லை. கூட்ட நடவடிக்கையின் சுருக்கத்தை முடிவில் சபையோருக்கு அவர்கள் பாஷையிலேயே வாசித்து விளக்க வேண்டுமென்றும், அதன் பிறகே கலெக்டர் கையொப்பமிட வேண்டுமென்றும் 2006-ஆம் வருஷ அறிவிக்கையே சொல்லுகிறது. அடுத்த கூட்டம் திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ எங்கே நடந்தாலும், தாம் பேசி முடித்தவுடன் வண்டியேறும் நமது தோழர்கள், அந்த வாசிப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்து, விடுபட்ட ஒவ்வொரு வார்த்தைக்கும் எழுந்து நின்று ஆட்சேபிக்க வேண்டும்.