பழைய கணினியைக் குப்பையில் போடச் சொல்வது யார்?

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. 'புதிது வாங்கு, வேறு வழியில்லை' என்கிறார்கள். நன்றாக ஓடும் கணினியைத் தூக்கி எறிவது யாருடைய லாபத்துக்கு என்று நாம் கேட்கிறோம்.

'வேறு வழியில்லை' என்பது ஏகபோகத்தின் பழைய பல்லவி. தூத்துக்குடிக்கு இது புதிதல்ல. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளையர் கப்பலோடு சுதேசிக் கப்பலும் கொழும்புக்கு ஓடியது. உடனே வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை வெட்டியது. ஜனங்கள் மீது கருணையா? இல்லை, போட்டியை ஒழிக்க!

1991-ல் பிறந்த லினக்ஸும் அப்படிப் பக்கத்திலேயே ஓடக்கூடியது. விண்டோஸை அழிக்க வேண்டாம். முதலில் கோப்புகளுக்கு நகல் எடுங்கள். பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் வன்தட்டில் தனி இடம் ஒதுக்குங்கள். டாலிக் கணக்குக்கு விண்டோஸ் இருக்கட்டும். கடிதத்துக்கும் படிப்புக்கும் லினக்ஸ் போதும்.

'ஏழைப் பிள்ளைகளுக்குப் புரியாது' என்பது வீண் கூச்சல். கேரளத்தின் சர்க்கார் பள்ளிகளில் பிள்ளைகள் அதிலேதான் படிக்கிறார்கள். இங்கே 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் வந்தது. ஏற்றிக் கொடுத்தால் மட்டும் போதாது. பள்ளிகளிலும் நூலகங்களிலும் கற்பிக்க வேண்டும்.

சுதேசிக் கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது. கம்பெனியை முடக்கலாம். ஆனால் எவரும் படிக்க, திருத்த, பகிர உரிமையுள்ள மூலநிரலை எந்த முதலாளியும் வாங்கிப் பூட்ட முடியாது. தோழர்களே, ஓட்டிப் பாருங்கள்!