யார் வழி யார் நிற்பது?

பாடசாலைகளுக்கிடையிலான நாடகப் போட்டியொன்றிலே நடுவருள் ஒருவனாக அமர்ந்திருந்தேன். புறநானூற்றுச் செய்தியொன்றைத் தழுவிய நாடகம். போர்க்களத்தில் மகனை இழந்த தாயாக ஒரு மாணவி நடித்தாள். செய்தி வந்ததும் அவள் வாய் திறக்கவில்லை. கையிலிருந்த சுளகை மெல்லக் கீழே வைத்தாள். சிறிது நேரம் அதனையே பார்த்திருந்தாள். மறுபடியும் எடுத்துப் புடைக்கத் தொடங்கினாள். ஒத்திகையில் அவள் இவ்வாறு செய்ததில்லை என்று பின்னர் அறிந்தேன். மண்டபம் மூச்சடங்கிக் கிடந்தது. அந்த வேளையிலே பின்திரையில் மழைக்காட்சி ஓடத் தொடங்கியது. ஒலிபெருக்கியில் இடி முழங்கியது. அவள் மீதிருந்த ஒளி அணைந்து, மேடையின் மறுகோடியில், இன்னும் எவரும் வந்து நில்லாத இடத்திலே, நீல ஒளி விழுந்தது. பிள்ளை இருளில் நின்று தன் வசனத்தைச் சொன்னாள். இடியோசையில் அது ஒருவர் காதிலும் விழவில்லை.

நாடகம் முடிந்தபின் ஒளியமைப்பாளரை அணுகி வினாவினேன். "பொறியிலே பிழையில்லை, ஐயா. எல்லாம் செக்கன் தவறாமல் ஓடின. பிள்ளைதான் பிந்திவிட்டா" என்றார். அவர் கூறியது முழுவதும் உண்மை. அவ்வுண்மையே இக்கட்டுரையை எழுதும்படி என்னைத் தூண்டிற்று.

இன்றைய மேடையிலே ஒலிப்பதிவையும் படக்காட்சியையும் ஒளியமைப்பு மேசையையும் ஒன்றோடொன்று பிணைப்பதற்கு இரு வழிகள் உள. முதலாவது நேரக்குறி வழி. ஒலியையும் படத்தையும் ஓட்டும் கணினி, மணி, நிமிடம், செக்கன், படஎண் என்னும் நான்கையும் இடைவிடாது எண்ணி ஒளிமேசைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். மூன்றாம் நிமிடம் பன்னிரண்டாம் செக்கன் ஏழாம் படத்தில் நீல ஒளி வரவேண்டுமென்று முன்பே எழுதி வைத்தால், அக்கணம் வந்ததும் ஒளி தானே மாறும். எவரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. இம்முறை 1960களின் பிற்பகுதியிலே அமெரிக்காவில், நாடாவிற் பதிந்த தொலைக்காட்சிப் படங்களை வெட்டித் தொகுக்கும் தேவையை ஒட்டித் தோன்றியது. நாடகத்துக்காகத் தோன்றியதன்று.

இம்முறையின் நுட்பம் வியக்கத்தக்கது. திரைப்படத்தில் செக்கனுக்கு 24 படங்கள். நமது நாட்டுத் தொலைக்காட்சி பின்பற்றிய முறையில் 25. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியிலோ 29.97. ஒரு பொறியை 30 என்றும் மற்றதனை 29.97 என்றும் வைத்துவிட்டால், ஒரு மணி நேரத்தில் 3.6 செக்கன் விலகிவிடும். ஆதலால் இத்துறையினர் ஒரு படத்தின் பிசகைக்கூடப் பொறுப்பதில்லை. செக்கனுக்கு 25 படங்களாயின் ஒரு படத்தின் காலம் 40 மில்லிசெக்கன். அதற்குள் ஒலி காற்றிலே ஏறக்குறைய 14 மீற்றர்தான் செல்லும். மேடையிலிருந்து 28 மீற்றர் தொலைவிலே கடைசி வாங்கில் இருப்பவருக்கு எந்த ஒலியும் இரண்டு படங்கள் பிந்தியே கேட்கும். அதனை அவர் ஒருபோதும் குறையென்று சொன்னதில்லை. தாய் ஒருத்தியின் மௌனத்தைப் பாதியில் அறுத்தால் அதனை முதல் வாங்கும் உணரும், கடைசி வாங்கும் உணரும்.

இரண்டாவது, சைகை வழி. இதனைக் 'கியூ' என்பர். நாடகப் பிரதியை மடியில் வைத்து மேடையைப் பார்த்திருக்கும் ஒருவர், உரிய கணத்திலே பொத்தானை ஒருமுறை அழுத்துவார். அந்த ஓரழுத்தத்தினாலே ஒலியும் படமும் ஒளியும் ஒருங்கே மாறும். இதற்கான பொறிமொழிகள் புதியனவல்ல. இசைக்கருவிகளைப் பிணைக்கும் மிடி 1983 இல் வந்தது. அதனை மேடைக்கு விரிக்கும் மிடி மேடைக் கட்டுப்பாட்டு முறை 1991 இல் வந்தது. வலையமைப்பினூடாகச் செய்தி அனுப்பும் ஓ.எஸ்.சி. என்னும் முறை 1997 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளரால் வெளியிடப்பட்டது. ஆகவே இவ்விரு வழிகளுள்ளும் பொறிகள் ஒன்றுபட்டே இயங்குகின்றன. வேறுபாடு ஒன்றுதான். முன்னதில் மனிதர் பொறியின் வழி நிற்கின்றனர். பின்னதில் பொறி மனிதர் வழி நிற்கின்றது.

இவ்வேறுபாட்டை உலகம் ஒரே ஊரில், ஒரே ஆண்டில் கண்டதுண்டு. 1958 இல் பிரசெல்சு நகரிலே உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அங்கே பிலிப்சு நிறுவனத்தின் மண்டபத்தில் லெ கோர்பூசியேயின் படங்களும் வரேசின் இசையும் நிற ஒளிகளும் சேர்ந்து எட்டு நிமிடக் காட்சியாக அமைந்தன. காந்த நாடாக்களே அனைத்தையும் நடத்தின. மேடை இல்லை, நடிகரும் இல்லை. பார்ப்போர் உள்ளே புகுந்து, எட்டு நிமிடம் நின்று, வெளியே சென்றனர். கடிகாரம் அங்கே அரசாண்டது முற்றிலும் பொருத்தமே.

அதே பொருட்காட்சியிலே செக்கோசுலோவாக்கியர் 'லத்தேர்னா மாகிக்கா' என்னும் அரங்கை அமைத்தனர். அதனை ஆக்கியோர் அல்பிரட் ராடொக், யோசப் சுவோபொடா என்னும் இருவர். திரையில் ஓடும் படத்தோடு உயிருள்ள ஆடற்கலைஞர் சேர்ந்து ஆடினர். உலகம் மெச்சியது. ஆனால் படச்சுருள் யாருக்கும் காத்திராது. ஆடுவோரே அதற்கேற்பத் தம் அடியை அளந்து வைக்கவேண்டியிருந்தது. அதே சுவோபொடா 1965 இல் பொஸ்டன் நகரிலே நோனோவின் இசை நாடகமொன்றை அமைத்தபோது, நேரடித் தொலைக்காட்சிக் கமராக்களை அரங்கினுள்ளே நிறுத்தி, அக்கணத்தில் நிகழ்வதையே திரையில் காட்டினார். படம் இப்போது ஆடுவோர் பின்னே சென்றது. நுட்பத்தில் வல்லவனொருவன் ஏழாண்டில் நடந்த தூரம் அது.

நம்மவர்க்கு இச்செய்தி புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே அரங்கின் நீள அகல உயரங்கள் கோலால் அளந்து கூறப்படுகின்றன. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைத்தமையும் கூறப்படுகின்றது. அளவிலே அத்துணைக் கண்டிப்புடைய இளங்கோவடிகள், இசைக்கருவிகளைச் சொல்ல வருமிடத்து, யாழ் குழலைப் பின்பற்றியதையும், தண்ணுமை யாழைப் பின்பற்றியதையும், முழவு தண்ணுமையைப் பின்பற்றியதையும் முறைப்படக் கூறுவர். இடத்தைக் கோலால் அளக்கலாம். ஒத்திசைவு ஒருவர் வழி ஒருவர் நிற்பதனால் வருவது.

மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரியைக் கண்டோர் இதனைக் கண்ணாரக் கண்டிருப்பர். தாளக்கட்டு அங்கே இறுக்கமானது. 'தாளமும் ஒரு கடிகாரந்தானே' என்று சிலர் வினாவலாம். தாளம் அண்ணாவியாரின் கையில் இருக்கின்றது. அக்கைக்கு மேலே இரண்டு கண்கள் இருக்கின்றன. அவர் கூத்தரை ஆட்டுவிப்பவர். கூத்தரைப் பார்த்தே ஆட்டுவிப்பவர். ஆடுவோன் களைத்தானாயின், அல்லது சபையோர் மகிழ்ந்து ஆரவாரித்தனராயின், மத்தளம் இன்னும் இரண்டு சுற்று வரும். ஏடு பார்ப்பவர் அடியெடுத்துக் கொடுப்பார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் 'கர்ணன் போர்' கூத்தைப் படச்சட்ட மேடைக்கும் மின்னொளிக்கும் கொணர்ந்தபோதும் மத்தளத்தை மனிதர் கையே முழக்கிற்று. ஒளி புதிதாயிற்று, வழி நிற்கும் முறை பழையதாகவே இருந்தது.

நேரக்குறி வழியை அறவே விலக்குக என்று நான் கூறவில்லை. பதிவுசெய்த இசைக்கு ஆடும் நாட்டியத்திலே இசை முன்னரே முடிவாகிவிட்டது. ஆடுவோர் அதன் வழி நிற்க உடன்பட்டே மேடையேறுகின்றனர். அங்கே ஒளியும் அவ்விசையின் வழி நிற்பதே முறை. அடிக்கு அடி ஒளி மாறவேண்டிய இடத்தில் மனித விரல் பொறிக்கு ஈடாகாது. அன்றியும் பொத்தானுக்கு அருகில் இருப்பவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் கடிகாரமே மேலானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வசன நாடகம் வேறு. அதன் காலத்தை நடிகரும் சபையோரும் சேர்ந்து அன்றன்றைக்கு ஆக்குகின்றனர். கணினி வந்த பின்னரும் மேலைநாட்டு நாடக அரங்குகளிலே மேடை மேலாளர் பிரதியைப் பார்த்து, 'ஆயத்தம்' என்றும் 'செல்க' என்றும் குரல் கொடுக்கும் வழக்கம் ஒழியவில்லை. ஏடு பார்ப்பவரின் உறவினர் அவர்.

ஆகவே நாடகம் பழக்கும் ஆசிரியர்களுக்குச் சில சொல்வேன். பின்னணி ஒலி முழுவதையும் ஒரே பதிவாகச் செய்யாதீர்கள். காட்சிக்குக் காட்சி, உணர்ச்சிக்கு உணர்ச்சி துண்டுகளாக்குங்கள். மழையோசை போன்றவற்றை, அடுத்த சைகை வரும்வரை சுழன்று ஒலிக்குமாறு வையுங்கள்; கியூலாப் முதலிய மென்பொருள்களில் அதற்கு வசதியுண்டு. அண்ணாவியார் மத்தளத்தால் செய்ததை அது ஒருவாறு செய்யும். பணமில்லாப் பாடசாலைக்குக் கியூ.எல்.சி. பிளஸ் என்னும் இலவச மென்பொருள் உண்டு, மிடியையும் ஓ.எஸ்.சி.யையும் அது அறியும். நேரக்குறி வேண்டிய பகுதி இருப்பின் அப்பகுதிக்கு மட்டும் வையுங்கள். அதன் தொடக்கத்தை மனிதர் கையில் விடுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, பொத்தானை அழுத்துபவர் போட்டியன்று காலையில் மேசையோடு வந்திறங்கும் கூலியாளராக இருத்தலாகாது. ஒத்திகை அனைத்தும் பார்த்த மாணவர் ஒருவரை அங்கே இருத்துங்கள். நடிக்கும் கூச்சமுள்ள பிள்ளைக்கு அதுவும் ஒரு பாத்திரம்.

அந்த மாணவிக்குப் பரிசு கிடைக்கவில்லை. புள்ளித்தாளில் ஒளி, ஒலி ஒத்திசைவுக்கென்று ஒரு நிரல் இருந்தது; அதிலே அவளுடைய பாடசாலைக்குப் புள்ளி குறைந்தது. நானும் அந்நிரலை நிரப்பியவன். அடுத்த ஆண்டு அதே பாடசாலை வந்தபோது அவளை மறுபடியும் கண்டேன். வசனங்களை ஒரு சொல்லும் பிசகாமல், ஒரு செக்கனும் பிந்தாமல் ஒப்புவித்தாள். ஒளி அவள் முகத்திலேயே இருந்தது. சுளகைக் கீழே வைத்த அந்தப் பிள்ளையை மட்டும் காணவில்லை.

புள்ளித்தாளில் அந்நிரலுக்கு என்ன பொருள் என்பதை நடுவர்களும் நாடக ஆசிரியர்களும் அடுத்த போட்டிக்கு முன்னர் கூடித் தீர்மானிப்பார்களாக.